ஊரை விட்டுப் போகாதவர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மான்ட்கமரி நகரத்து டெலிபோன் டைரக்டரியில் ஃபிராங்க் எம். ஜான்சன் என்று ஒரு பெயர் இருந்தது. 1967 ஏப்ரலில் ஓர் இரவு அந்த வீட்டில் குண்டு வைத்தார்கள். வைத்தவர்கள் தேடியது நீதிபதி ஜான்சனை. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்பதால் குண்டு அவருடைய அம்மா குடியிருந்த வீட்டில் வெடித்தது. வீட்டின் வேறு பகுதியில் இருந்ததால் அந்த அம்மாள் காயமில்லாமல் பிழைத்தார். அவருடைய பெயர் அலபாமா. மாநிலத்தின் பெயரையே அவருக்கு வைத்திருந்தார்கள்.

ஜான்சனைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் எனக்கு முதலில் வருவது இந்த அம்மாள்தான். தீர்ப்புகள் பிறகுதான் வருகின்றன. நான் தென் மாவட்ட நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ நீதிபதிகள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். நம்முடைய ஏற்பாட்டில் ஒரு ஜட்ஜ் ஓர் ஊரில் மூன்று வருடம் இருந்தால் அதிகம். சொந்த ஊரில் போட மாட்டார்கள். தெருவில் நாலு பேர் முகம் பழகுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஐயா அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். அவர் கொடுத்த தீர்ப்போடு அந்த ஊர்தான் வாழவேண்டும், அவர் வாழவேண்டியதில்லை. இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நீதிபதிக்கும் இருக்கிறது, வழக்காடிக்கும் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபெடரல் நீதிபதிக்கு இந்த மாற்றல் கிடையாது. ஓய்வு வயதும் கிடையாது. ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொண்டுவிட்டால் ஆயுள் முழுக்கப் பதவி. ஜான்சன் 1955 நவம்பரில் மான்ட்கமரியில் மாவட்ட நீதிபதியாக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1999 ஜூலையில் இறந்தார். அந்த நாற்பத்து மூன்றரை ஆண்டுகளும் அதே ஊர்தான். மேல்முறையீட்டு நீதிபதியான பிறகும் அவருடைய அலுவலகம் மான்ட்கமரியிலேயே இருந்தது. அங்கெல்லாம் அப்படித்தான்: விசாரணைக்கு மட்டும் தலைமையிடத்துக்குப் போய் மூன்று பேராக உட்காருவார்கள், படிப்பதும் எழுதுவதும் அவரவர் ஊரில்.

என் மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே ஹூண்டாய் கம்பெனியின் மான்ட்கமரி ஆலைக்குப் போனான். அவனோடு இருந்த நாட்களில்தான் இந்தப் பெயரை முதலில் பார்த்தேன், ஊர் நடுவே ஒரு கட்டடத்தின் நெற்றியில். 1930களில் எழுந்த பெரிய ஃபெடரல் நீதிமன்றம் அது. 1992இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய பெயரை வைத்துவிட்டார்கள். நம் கோர்ட் கட்டடம் எதிலும் அங்கே உத்தியோகம் பார்த்த ஒரு நீதிபதியின் பெயரை நான் கண்டதில்லை. "யாருய்யா இவர்?" என்று மகனிடம் கேட்டேன். "தெரியலையேம்மா. லைப்ரரில பாப்போம்" என்றான்.

நூலகத்துக்கும் ஒரு பெயர் இருந்தது: ஜூலியட் ஹாம்ப்டன் மார்கன். அதே ஊரில் நூலகராக வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண். 1955 டிசம்பரில், பேருந்துகளில் இருந்த இனப் பிரிவினையை எதிர்த்து, கறுப்பின மக்கள் அவற்றில் ஏறாமல் நடந்தே போய்வரத் தொடங்கியபோது, ஊர்ப் பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். டிசம்பர் 12 அன்று அது அச்சானது. இந்தப் புறக்கணிப்பு காந்தியின் உப்பு யாத்திரையைப் போன்றது என்று எழுதியிருந்தார். அலபாமாவில் இருந்துகொண்டு தண்டியை நினைத்த அந்தப் பெண்ணை ஊர் சும்மா விடவில்லை. தொலைபேசியில் வசவு, ஜன்னலில் கல், வேலையை விட்டு நீக்கு என்ற கூச்சல். 1957 ஜூலையில் அவர் வீட்டு முற்றத்தில் சிலுவையைக் கொளுத்தினார்கள். அதையடுத்து அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நகரத்தின் தலைமை நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தது 2005இல்.

ஜான்சனின் வீட்டு முன்னாலும் சிலுவை எரிந்தது. ஆனால் அவருக்கு ஆயுள் பதவி இருந்தது. யாராலும் சம்பளத்தைக் குறைக்க முடியாது. வீட்டைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் ஃபெடரல் மார்ஷல்கள் காவல் இருந்தார்கள். ஜூலியட் மார்கனுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஜான்சனின் துணிச்சலைச் சொல்லும் எவரும் அவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நூலகத்தில் ஜான்சனைப் பற்றிய புத்தகங்களைப் படித்தபோதெல்லாம் எனக்கு இவர்கள் இருவரும் ஒன்றாகத்தான் தெரிந்தார்கள்.

அந்தப் புறக்கணிப்பு நடக்கும்போது ஜான்சன் முன்னால் வந்த பேருந்து வழக்கு பிரௌடர் எதிர் கேய்ல். 1956 பிப்ரவரியில் ஃபிரெட் கிரே என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் தாக்கல் செய்தது. புறக்கணிப்புக்குக் காரணமான கைது ரோசா பார்க்ஸுடையது; ஆனால் அவர் இதில் வாதி இல்லை. அவருக்கு முன்பே பேருந்தில் அவமானப்பட்ட பெண்கள்தான் வாதிகள்: அரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். கைதானபோது கோல்வினுக்கு வயது 15. மே மாதம் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். மாநிலச் சட்டத்தையே எதிர்த்த வழக்கு என்பதால் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து ரிச்சர்ட் ரைவ்ஸ், மாவட்ட நீதிபதிகள் சீபோர்ன் லின், ஜான்சன்.

விசாரணை முடிந்து மூவரும் அறைக்குள் போனார்கள். அங்கே ஒரு வழக்கம், இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் இளையவருக்குத் தைரியம் வராது என்பதற்காக. ஜான்சன் நீதிபதியாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் சொல்லிவிட்டார். ரைவ்ஸ் ஒப்புக்கொண்டார். லின் மாறுபட்டார். பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிட்டதாகப் பின்னால் ஜான்சனே சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் தீர்ப்பு. நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உத்தரவின் காகிதம் மான்ட்கமரிக்கு வந்து சேர்ந்த மறுநாள், டிசம்பர் 21 அன்று, மக்கள் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அந்தச் சில நிமிடங்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 381 நாள் ஒரு ஊரே நடந்தது; அறைக்குள் பேச்சு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அது சுலபமான வழக்கு. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பேருந்துக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி. சட்டம் தெளிவாக இருந்தது. விலைதான் பிறகு வந்தது. ரைவ்ஸ் மான்ட்கமரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பழைய நண்பர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். கார் விபத்தில் இறந்துபோன மகனின் கல்லறையைக்கூட அசுத்தப்படுத்தினார்கள். லினுக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை.

ஜான்சன் மான்ட்கமரிக்காரர் இல்லை. இது முக்கியம். அலபாமாவின் வடக்கே மலைப்பாங்கான வின்ஸ்டன் கவுன்டி அவருடைய மண். பருத்தி விளையாத நிலம், அடிமைகளை வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. 1861இல் அலபாமா ஐக்கிய நாட்டை விட்டுப் பிரியத் தீர்மானித்தபோது வின்ஸ்டனின் பிரதிநிதி கையெழுத்துப் போட மறுத்தார். மாநிலம் பிரிந்தால் நாங்கள் மாநிலத்தை விட்டுப் பிரிவோம் என்று அந்த மலைக்காரர்கள் சொன்னதாக ஒரு கதை உண்டு. நூறு வருடம் கழித்தும் அந்தப் பகுதி குடியரசுக் கட்சியின் கோட்டையாகவே இருந்தது. மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சி. ஜான்சனின் அப்பா சட்டமன்றத்தில் இருந்த ஒன்றிரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர். ஊரோடு ஒத்துப்போகாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று பையனுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். நார்மண்டியில் காலாட்படை அதிகாரி. காயப்பட்டுத் திரும்பினார். ஜாஸ்பர் என்ற சிற்றூரில் வக்கீல் தொழில். ஐசன்ஹோவர் ஜனாதிபதியானதும் 1953இல் வட அலபாமாவின் அரசு வழக்கறிஞர் ஆனார். அந்தப் பதவியில் அவர் நடத்திய ஒரு வழக்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. சம்டர் கவுன்டியில் ஒரு பண்ணைக் குடும்பம். சிறையில் கிடக்கும் கறுப்பினத்தவரின் அபராதத்தைக் கட்டி வெளியே எடுப்பார்கள். அந்தக் கடனைக் காட்டிக் கொத்தடிமைகளாக வேலை வாங்குவார்கள். தப்ப முயன்றால் அடி. அடிமை முறையை ஒழித்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு ஆகியிருந்தது. 1954இல் ஜான்சன் அவர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். செங்கல் சூளை முன்பணத்துக்காகக் குடும்பம் குடும்பமாக அடைபட்டுக் கிடந்தவர்களின் வாக்குமூலங்களை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தப் பக்கங்கள் எந்த ஊரில் எழுதப்பட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது: எவ்வளவு வாங்கினாய், எவ்வளவு கழிந்தது, ஏன் போகவில்லை.

சட்டக் கல்லூரியில் அவருக்கு ஒரு சிநேகிதர், ஜார்ஜ் வாலஸ். ஜான்சனும் மனைவி ரூத்தும் வாலஸும் ஒன்றாகத் திரிந்தவர்கள். 1958 வாக்கில் வாலஸ் மாநில நீதிபதி. கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காததைப் பற்றி விசாரிக்க வந்த ஃபெடரல் ஆணையத்துக்குப் பதிவேடுகளைத் தர மாட்டேன் என்று ஊரறியச் சொன்னார். தராவிட்டால் அவமதிப்புக்கு உள்ளே போவாய் என்றது ஜான்சனின் உத்தரவு. ஒரு நாள் இரவு வெகு நேரம் கழித்து வாலஸ் ஜான்சன் வீட்டுக் கதவைத் தட்டினார். பெயரளவுக்குக் கொஞ்சம் தண்டனை கொடுத்தால் தேர்தலுக்கு உதவும் என்பது அவர் கணக்கு. ஜான்சன் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாலஸ் கிராண்ட் ஜூரி வழியாக மறைமுகமாகப் பதிவேடுகளைக் கொடுத்துவிட்டார். அந்தத் தந்திரத்தை அப்படியே தீர்ப்பில் எழுதிவைத்து ஜான்சன் அவரை விடுவித்தார். சிறைக்குப் போன வீரன் என்ற பெயர் வாலஸுக்குக் கிடைக்காமல் போனது. 1962 தேர்தலில் மேடைக்கு மேடை ஜான்சனைப் பொய்யர் என்று ஏசித்தான் வாலஸ் ஆளுநரானார்.

வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு நடந்த பேரணியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1965 மார்ச் 7 அன்று பாலத்தில் பேரணிக்காரர்கள் மேல் விழுந்த போலீஸ் அடியைத் திரைப்படச் சுருளாகவே நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். மார்ச் 17இல் ஜான்சன் அனுமதி கொடுத்தார். அநீதி எவ்வளவு பெரியதோ அதற்கு ஏற்ற அளவில் எதிர்ப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற அளவுகோலை அந்தத் தீர்ப்பில் வைத்தார். சாலை இரண்டு தடமாகக் குறுகும் இடத்தில் முந்நூறு பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்றும் எழுதினார். பேரணி முடிந்த அன்று இரவு வயோலா லியுஸோ என்ற பெண்ணைக் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றவர்களுக்கு மாநில நீதிமன்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. அந்த டிசம்பரில் ஜான்சன் முன்னால் வெள்ளைக்கார ஜூரியே அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பத்துப் பத்து ஆண்டுகள் கொடுத்தார். இதற்கும் மேலே நான் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்பட வேண்டியதை மற்றவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள்.

நான் நின்று பார்க்க விரும்புவது மருத்துவமனை வழக்கை. டஸ்கலூசாவில் பிரைஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை. 1970இல் பணமில்லை என்று ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஊழியர்கள் தரப்பில் தொடங்கிய வழக்கு நோயாளிகளின் வழக்காக மாறியது. ரிக்கி வயட் என்ற பையன் பெயரில். உள்ளே ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நோயாளிகளே இல்லை. போக்கிடம் இல்லாத முதியவர்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 50 சென்ட்டுக்கும் கீழே.

குணப்படுத்துவதாகச் சொல்லி ஒருவரை அவர் விருப்பமில்லாமல் பூட்டி வைத்தால், குணப்படுத்தவும் வேண்டும். வைத்தியம் இல்லாமல் பூட்டி வைப்பது சிறை. 1971 மார்ச்சில் ஜான்சன் எழுதியதன் சாரம் இதுதான். அதற்கு முன் எந்த ஃபெடரல் நீதிமன்றமும் அதை அரசியலமைப்பு உரிமையாகச் சொன்னதில்லை. மாநிலத்துக்கு அவகாசம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1972இல் பட்டியல் போட்டார். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. ஆறு பேருக்கு ஒரு கைகழுவும் தொட்டி. சொந்தத் துணி உடுத்தலாம். கடிதம் எழுதலாம். நோயாளியைக் கூலியில்லாமல் மருத்துவமனை வேலைக்கு வைக்கக் கூடாது. பக்கத்திலிருந்த பார்ட்லோ என்ற, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தில், ஒருவர் விரல் சூப்பாமல் இருப்பதற்காக ஒன்பது ஆண்டுகளாகக் கை கட்டும் சட்டையில் இருந்தார். அதுவும் தீர்ப்பில் இருக்கிறது.

நீதிபதி கழிப்பறை எண்ணலாமா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் சட்டப் பேராசிரியர்கள் கேட்கிறார்கள். மாநிலத்தை ஓட்டுவது ஆளுநரா, ஜான்சனா என்று வாலஸ் கேட்டார். நான் எண்ணலாம் என்ற கட்சி. 'போதிய வசதி செய்து தரவும்' என்று முடியும் உத்தரவுகளை நான் நிறைய எழுதியிருக்கிறேன். அந்தப் 'போதிய' என்ற சொல்லுக்குள் எல்லாமே காணாமல் போய்விடும். அடுத்த வாய்தாவுக்கு அதிகாரி வந்து, போதிய வசதி செய்யப்பட்டுவிட்டது என்று பிரமாண வாக்குமூலம் கொடுப்பார். எட்டுக்கு ஒன்று என்று எழுதினால் போய் எண்ணிப் பார்க்கலாம்.

1976இல் சிறைகளுக்கும் அப்படியே செய்தார்: ஒரு ஆளுக்கு 60 சதுர அடி, படுக்கை, வெளிச்சம். அதில் சில பகுதிகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய ஒரே பிள்ளை, தத்தெடுத்து வளர்த்த மகன், தற்கொலை செய்துகொண்டிருந்தான்.

ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1977இல் அவரை எஃப்.பி.ஐ. இயக்குநராக்க நினைத்தார். மருத்துவப் பரிசோதனையில் வயிற்றுப் பெருநாளத்தில் வீக்கம் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் உடம்பு தேறத் தாமதமானதால் பெயரைத் திரும்பப் பெறச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து கார்ட்டரே அவரை ஐந்தாவது சர்க்கியூட்டுக்கு அனுப்பினார். டெக்சஸிலிருந்து ஃபுளோரிடா வரை ஆறு மாநிலங்கள் அதன் கீழே. 1981 அக்டோபரில் அதைப் பிரித்து அலபாமா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவுக்குப் பதினொன்றாவது சர்க்கியூட்டை உண்டாக்கினார்கள். தலைமையிடம் அட்லான்டா. ஜான்சன் அதில் ஒருவரானார்.

அவரைப் பற்றிய புத்தகங்கள் இந்த இடத்தில் வேகமெடுத்து முடிந்துவிடுகின்றன. ஏன் என்று புரிகிறது. மாவட்ட நீதிபதி தனி ஆள். அவர் சொன்னால் கதவு திறக்கும். மேல்முறையீட்டு நீதிபதி மூவரில் ஒருவர், முழு அமர்வென்றால் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர். சாட்சியின் முகத்தைப் பார்க்க முடியாது. கீழ் நீதிமன்றத்துக் கட்டுகள் மட்டும் மேஜைக்கு வரும். போதாததற்குக் காலமும் திரும்பிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி ரீகன் நியமித்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1960களின் உச்ச நீதிமன்றமாக இல்லை. முன்பு அவருடைய தீர்ப்புகளை மேலே தாங்கிப் பிடித்தார்கள். இப்போது திருப்பிப் போட்டார்கள். எனக்கு அந்த இருபது ஆண்டுகள்தான் பெரிதாகப் படுகின்றன.

1985இல் ஹார்ட்விக் எதிர் பவர்ஸ். அட்லான்டாவில் ஒருவரின் படுக்கையறைக்குள் போலீஸ்காரர் நுழைந்து, இன்னொரு ஆணோடு இருந்ததற்காகக் கைது செய்தார். ஜார்ஜியா சட்டத்தில் அதற்கு 20 ஆண்டு வரை சிறை. வழக்கு மூன்று நீதிபதிகள் முன்னால் வந்தது. ஒருவர் எல்பர்ட் டட்டில், ஐந்தாவது சர்க்கியூட்டின் முன்னாள் தலைமை நீதிபதி. தெற்கின் இனப் பிரிவினையை உடைத்தவர்களில் மூத்தவர். அப்போது அவருக்கு வயது 87. டட்டிலும் சேர, தீர்ப்பை ஜான்சன் எழுதினார். வீட்டுக்குள் இருக்கும் இந்த நெருக்கம் அரசின் கைக்கு அப்பாற்பட்ட அடிப்படை உரிமை. அதில் தலையிட மிக வலுவான காரணத்தை மாநிலம் காட்டியாக வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதைப் புரட்டிவிட்டது. 2003இல் அதே உச்ச நீதிமன்றம், லாரன்ஸ் வழக்கில், தான் 1986இல் சொன்னது சொன்ன நாளிலேயே தவறு என்று ஒப்புக்கொண்டது. ஜான்சன் இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. நம்மூரில் இதே விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2013இல் மாற்றி, 2018இல் திரும்பவும் சரியென்று சொன்னபோது, அமெரிக்காவின் அந்த வழக்குகளும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டன.

தோற்ற பக்கத்தில் நிற்பது அவருக்குப் புதிதில்லை. 1972இல் ஷாரன் ஃபிரான்டியரோ என்ற விமானப்படைப் பெண் அதிகாரி, ஆண் அதிகாரியின் மனைவிக்குக் கிடைக்கும் படிகள் தன் கணவனுக்கும் வேண்டும் என்று கேட்டபோது மூவரில் இருவர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பேருந்து வழக்கில் அவரோடு நின்ற ரைவ்ஸும் ஒருவர். ஜான்சன் தனியாக மாறுபட்டார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று ஜான்சனின் பக்கம் வந்தது.

அவர் எதிர்ப்பக்கம் நின்ற ஒரு வழக்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டஸ்கீகி ஊரில் கறுப்பின வாக்காளர்கள் பெருகியபோது, சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாக மாற்றி வரைந்தார்கள். நானூறு கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் வெளியே. எல்லை வரைவதில் தலையிட நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அப்போதிருந்த முன்தீர்ப்பைப் பின்பற்றி 1958இல் ஜான்சன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1960இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முன்தீர்ப்பு கட்டிப்போட்டால் அதற்குள் நிற்பவர் அவர். அவரைப் புரட்சிக்காரர் என்று எழுதுகிறவர்கள் இந்த வழக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1961இல் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில், இனப் பிரிவினையை எதிர்த்துப் பேருந்துகளில் பயணம் செய்த சுதந்திரச் சவாரிக்காரர்களை அடித்தபோது, கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தாரையும் நகரப் போலீஸையும் தடுத்து உத்தரவிட்ட அதே கையால், சவாரிக்காரர்களையும் சில நாள் நிறுத்திவைத்தார். ஊரில் இரத்தம் சிந்தக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. சட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போவார். எந்தப் பக்கத்துக்கும் பிடித்தவராக இருக்க அவர் முயலவே இல்லை.

டஸ்கீகியில் பிறந்த ஒருவர்தான், மைரன் தாம்ப்சன், 1980இல் ஜான்சன் விட்டுப்போன மாவட்ட நீதிபதி இடத்துக்கு வந்தார். கறுப்பினத்தவர். ரிக்கி வயட்டின் வழக்கை 2003 டிசம்பரில் முடித்துவைத்தவரும் அவரே. 33 ஆண்டுகள் நடந்த வழக்கு. எட்டுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று அத்தனை ஆண்டுகள் எண்ணியிருக்கிறார்கள்.

மேல்முறையீட்டு நாட்களுக்குத் திரும்புகிறேன். அட்லான்டாவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாக வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை. அவருடைய வழக்கறிஞர்கள் ஒரு பெரிய ஆய்வை வைத்தார்கள். டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970களில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். மற்ற காரணங்களையெல்லாம் கழித்த பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு. 1985இல் பதினொன்றாவது சர்க்கியூட்டின் முழு அமர்வு, இது போதாது என்றது. மெக்ளெஸ்கியின் வழக்கில் இன்னார் இனவெறியோடு நடந்தார் என்று காட்ட வேண்டுமாம். ஜான்சன் மாறுபட்டார். அவரோடு இன்னும் இருவர். மரண தண்டனை விஷயத்தில் தனி ஒருவரின் மனத்துக்குள் இருந்த கெட்ட எண்ணத்தைத் தோண்டிக் காட்டத் தேவையில்லை. அந்த ஏற்பாடே நிறத்தைப் பார்த்து உயிரை நிறுக்கிறது என்பது தெரிந்தால் போதும் என்பது அவருடைய வாதம்.

அதை எழுதியபோது அவருக்கு அலபாமாவைப் பற்றி முப்பது வருடம் தெரிந்திருந்தது. வாக்காளர் பதிவு அதிகாரிகளை, பள்ளி நிர்வாகிகளை, சிறைக் கண்காணிப்பாளர்களை அந்தக் கூண்டில் பார்த்திருந்தார். யாருமே நிறத்துக்காகச் செய்தோம் என்று சொன்னதில்லை. எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. எண்ணிக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த மாறுபட்ட தீர்ப்பைப் படிக்கும்போது மாவட்ட நீதிபதி ஜான்சன் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கட்டுகளை மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவரால் அதை எழுதியிருக்க முடியாது.

1987இல் உச்ச நீதிமன்றமும் மெக்ளெஸ்கிக்கு எதிராகவே சொன்னது, மறுபடியும் ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். ஹார்ட்விக் வழக்கில் ஐந்தாவது ஓட்டும் அவருடையதுதான். ஓய்வு பெற்ற பிறகு, ஹார்ட்விக்கில் தான் செய்தது அநேகமாகத் தவறு என்று மாணவர்களிடம் சொன்னார். எந்த ஓட்டையாவது மாற்ற விரும்புகிறீர்களா என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் கேட்டபோது மெக்ளெஸ்கியைச் சொன்னார். இரண்டு வழக்கிலும் கீழே மறுபக்கம் எழுதிவைத்திருந்தவர் ஜான்சன்.

பவல் அதைச் சொன்னது 1991இல். அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று மெக்ளெஸ்கிக்குத் தண்டனையை நிறைவேற்றினார்கள். ஜான்சன் மூத்த நீதிபதி என்ற நிலைக்கு மாறி வேலையைக் குறைத்துக்கொண்டதும் அதே ஆண்டுதான்.

லாரன்ஸ் வழக்கு ஹார்ட்விக்கைத் தூக்கி எறிந்தது போல மெக்ளெஸ்கியை யாரும் தூக்கி எறியவில்லை. அது இன்றும் சட்டம். ஆனால் மாநிலங்கள் வேறு வழியில் வந்துகொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தண்டனைகளில் நிறவேறுபாடு இருப்பதைப் புள்ளிவிவரத்தால் காட்டலாம், வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்கிறது அது. சட்டத்தின் முன்பகுதியில் மெக்ளெஸ்கி தீர்ப்பைப் பெயர் சொல்லியே மறுத்திருக்கிறார்கள். 1985இல் ஜான்சன் கேட்டதும் அதைத்தான்.